கசிவைக் கையால் தேடாதே

அத்தியாயம் 4

ஷெட்டின் பின்சுவர் முழுக்கக் கருவிகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவம் வெள்ளைப் பெயின்ட்டில் கோடாக வரையப்பட்டிருந்தது. எடுத்ததை எடுத்த இடத்தில் மாட்டாவிட்டால் சுவரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"அக்கா, இந்த மனுஷன் பல் விளக்குற பிரஷ்ஷைக்கூட கோடு போட்டுத்தான் மாட்டுவாரு போல," என்று ரேடியோ கிசுகிசுத்தான்.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். வெளியில் அவளுக்குச் சர்வேயரம்மா என்று பெயர். கூடப்பிறந்த தம்பிக்கு வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் விழுந்தது. நாற்பதைத் தாண்டியும் அது ஒட்டிக்கொண்டே இருந்தது.

பயந்தால் ரேடியோவுக்குச் சத்தம் கூடும். இன்றைக்கு ரொம்பவே கூடியிருந்தது. வரும் வழியில், மேட்டுச் சாலையின் வளைவில், எரிந்து கருகிய டீசல் கார் ஒன்று குறுக்கே கிடந்தது. தங்கள் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு அதைச் சுற்றி நடந்துதான் இருவரும் மேலே வந்தார்கள். காலையில் அந்தக் காருக்குள் இந்த வீட்டுக்காரி இருந்தாள். உடலை எடுத்துவிட்டார்கள். பின்சீட் இருந்த இடத்தில் ஒரு பெரிய சூட்கேஸின் கம்பிச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"உட்காருங்க," என்றார் கடைக்காரர். இறந்தவளின் கணவர். டீசல் கார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே ரிப்பேர் பார்த்துக்கொள்ளத் தேவையான கருவிகளை விற்கும் கடை அவருடையது. சலவை செய்த சட்டை, வெட்டிய நகம், கலையாத வகிடு. "கம்பெனிக்கு நான்தான் போன் பண்ணினேன்."

"தெரியும். தீ அணையறதுக்கு முன்னாடியே போன் வந்துச்சுன்னு சொன்னாங்க," என்றாள் அக்கா.

"எதையும் தள்ளிப்போட்டா எனக்குப் பிடிக்காது." அவர் முகத்தில் ஒரு மடிப்பு கூட மாறவில்லை. "இது விபத்து இல்லம்மா. நேத்து சாயங்காலம் நானே சர்வீஸ் பண்ணினேன். ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு துளி கசிவு கிடையாது. அதுக்கப்புறம் யாரோ கை வச்சிருக்காங்க. இதைப் பாருங்க."

சுவரில் ஒரு ஸ்பானரைக் காட்டினார். வளைய ஸ்பானர்தான், ஆனால் வளையத்தில் ஓர் இடத்தில் சின்ன வாய் பிளந்திருந்தது. வெள்ளைக் கோட்டில் வாய் வலது பக்கம் பார்த்தது. தொங்கிய ஸ்பானரின் வாய் இடது பக்கம் பார்த்தது.

"திருப்பி மாட்டியிருக்கான். நான் மாட்ட மாட்டேன்."

"வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதே, இது எதுக்கு சார்?" என்றான் ரேடியோ.

கடைக்காரரின் கண்ணில் அப்போதுதான் முதன்முறையாக ஒளி வந்தது. "டீசல் பைப்போட நட்டைக் கழட்டறதுக்கு. முழு வளையம்னா பைப் குறுக்க வரும், நட்டு மேல ஏறாது. சாதாரண ஸ்பானர் போட்டா ரெண்டு பக்கம்தான் பிடிக்கும், நட்டோட முனை மழுங்கிடும். இது பைப் வழியா உள்ள நுழைஞ்சு நட்டைச் சுத்திப் பிடிச்சுக்கும். அழகா இல்ல?"

மனைவி செத்த அன்றைக்கு ஒருவர் ஸ்பானரை அழகு என்று சொல்லி ரேடியோ கேட்டதில்லை. மூலையில் அடுக்கியிருந்த அட்டைகளின் மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான்.

"அய்யோ! புது பேன்ட் அக்கா!"

பின்பக்கம் ஈரமாகிப் பளபளத்தது. டீசல் வாடை குப்பென்று அடித்தது. கடைக்காரர் சட்டென்று முன்னால் வந்து ஒரு பழந்துணியை நீட்டினார். "அது அழுக்கு அட்டை. தரையில சிந்தினதைத் துடைக்கிறது. நாற்காலி அந்தப் பக்கம் இருக்கே, கண்ணு தெரியலையா?"

"கண்ணு முன்பக்கம் இருக்கு சார். நான் உட்கார்ந்தது பின்பக்கமா."

அக்கா இருவரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். இன்சுலேஷன் டேப் உருளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் டேப்பின் நுனி உள்பக்கமாக ஒட்டி மடிக்கப்பட்டிருந்தது, அடுத்த முறை நகத்தால் தேடாமல் இழுக்க வசதியாக. அதற்குப் பக்கத்தில் ஒரு சதுரக் கோடு காலியாக இருந்தது. கீழே 'காரில்' என்று எழுதியிருந்தது.

"முதலுதவிப் பெட்டி," என்றார் கடைக்காரர். "எப்பவும் கார்லதான். வீட்டுல இன்னொண்ணு வாங்கி வச்சா ஆளாளுக்கு எடுத்து வீணாக்குவாங்க."

"இது?"

ஸ்பானர்களுக்கு நடுவே நீளமாக, ஒல்லியாக ஒரு கோடு. அதுவும் காலி. கீழே 'உபயோகமில்லாதது' என்று எழுத்து.

"என் தம்பியோட வயலின் வில்." கடைக்காரர் சிரித்தார். "மாடியில இருக்கான், வயலின் சொல்லித் தர்றானாம். தினமும் காலையில இங்க வந்து கேட்டா எடுத்துக் குடுப்பேன். ராத்திரி திரும்ப மாட்டிடணும். வீடு என் பேர்ல இருக்கு, ஒரு ஒழுங்கு வேணும்ல?"

"இன்னைக்குக் காலையில வந்து கேட்டாரா?"

"இல்ல. நேத்து ராத்திரி அவன் திருப்பித் தரவே இல்ல. காலையிலேருந்து அவன் மூஞ்சியைக்கூட நான் பார்க்கல." கொஞ்சம் நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "அவன் மேல சந்தேகம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ப் பாருங்க. அவசரமே இல்ல."

படியேறும்போது ரேடியோ சொன்னான்: "தம்பியைத் தட்டுல வச்சு நீட்டறாரு. உப்பு மட்டும்தான் போடல."

---

மாடி அறையில் பாதிக்கு மேல் அண்ணனின் கடைச் சரக்கு. ஜாக்கிப் பெட்டிகளுக்கும் ஆயில் புனல் மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி, ஒரு வயலின், அதன் வில். நாற்காலியில் வயலின் வாத்தியார் இடது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர். அதைத் தாண்டி விரல் வீங்கி வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"தந்தி அறுந்து அடிச்சிடுச்சு."

அக்கா வயலினைப் பார்த்தாள். நான்கு தந்திகளும் இருந்தன. நான்கின் அடியிலும் வில்லில் தடவும் மெழுகின் தூள் ஒரே மாதிரி படிந்திருந்தது; எதுவும் புதிதாகக் கட்டியது அல்ல.

"வில்லை அண்ணன்கிட்ட எப்ப வாங்கினீங்க?"

"நேத்து... நேத்து திருப்பித் தரவே இல்லை. இன்னைக்கு நான் கீழ போகவே இல்லை."

"கட்டு யாரு போட்டது?"

"நானே."

அனுமதி கேட்காமல் அக்கா அந்தக் கையைப் பிடித்துப் பிளாஸ்டரைப் பிரித்தாள். அவர் பல்லைக் கடித்தார். விரல் நுனியில் கீறலும் இல்லை, வெட்டும் இல்லை. ஊசி குத்தினதுபோல ஒரே ஒரு புள்ளி. அதைச் சுற்றிச் சதை சாம்பல் நிறமாக இறுகியிருந்தது. அக்கா பிளாஸ்டரை மடிக்காமல் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டிலேயே நின்று ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள். பிறகு இன்ஸ்பெக்டருக்கு.

"புள்ளிக்கு ஆம்புலன்ஸா அக்கா? கொசு கடிச்சா ஹெலிகாப்டர் கூப்பிடுவியா?"

"அது தந்தி இல்லடா. தந்தி அடிச்சா கோடு விழும். அது டீசல்."

இந்த இடத்தில் டீசல் எஞ்சினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் பொறி வைத்துப் பற்றவைக்கிறார்கள். டீசலில் பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி, அது கொதிக்கும் நேரத்தில் டீசலை உள்ளே பீய்ச்ச வேண்டும். நெருக்கப்பட்ட காற்றுக்குள் நுழைய வேண்டுமானால் டீசலுக்கு அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். பென்சில் கனம்கூட இல்லாத அந்த இரும்புப் பைப்பில், காரின் டயருக்குள் இருப்பதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தம் ஓடுகிறது. நட்டு கொஞ்சம் தளர்ந்தால் டீசல் சொட்டாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத புகைபோலச் சீறும். பக்கத்தில் பழுக்கக் காய்ந்த இரும்பு இருந்தால் தீப்பிடிக்கும். விரல் இருந்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

"முதல்ல எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றாள் அக்கா. "உள்ள போன டீசல் சதையைக் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கும். சீக்கிரமா விரலைப் பொளந்து கழுவணும். லேட்டானா விரல் போகும். இன்னும் லேட்டானா கை."

"இடது கை ஆள்காட்டி விரல்." ரேடியோவின் குரல் இறங்கியது. "வயலின்காரனுக்கு அதானே சோறு. ஆம்புலன்ஸ் எப்ப வரும்?"

"மேல வர்றதுக்கு ஒரே ரோடு. அதுல அந்தக் கார் குறுக்க கிடக்கு. கிரேன் வந்து நகர்த்தணும். நடத்தியே கூட்டிட்டுப் போகலாம்னா, கையைத் தொங்கப்போட்டு நடந்தா டீசல் இன்னும் வேகமா ஏறும்னு சொல்றாங்க. ஸ்ட்ரெச்சரோட ஆளுங்க ஏறி வர்றாங்க."

"அவன் கொளுத்தின கார் அவனையே மறிச்சுக்கிட்டு நிக்குது."

"ம்." அக்கா கைக்குட்டையைத் திறந்து பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க வர்ற வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு."

---

வாத்தியாரிடம் அவள் எதையும் பூசி மெழுகிப் பேசவில்லை. விரல் என்ன ஆகும், கை என்ன ஆகும், ஏன் ஆகும் என்று மெக்கானிக் வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரேடியோவுக்கே, 'போதும் அக்கா' என்று வாய் வரைக்கும் வந்தது.

"டாக்டர்கிட்ட தந்தின்னு சொன்னா கட்டு போட்டு அனுப்பிடுவார். டீசல்னு சொன்னா கிழிப்பார். நீங்களே முடிவு பண்ணுங்க."

வாத்தியார் விரலைப் பார்த்தார். பிறகு அழாமல் சொன்னார்: "அண்ணன் விடியக்காலையில நடக்கப் போவார். அப்பதான் கீழ போனேன். நட்டைத் தளர்த்திட்டு எஞ்சினைப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. தளரலையோன்னு விரலை வச்சேன்."

"ஏன்?"

"ரெண்டு வருஷம். தினமும் காலையில கீழ போய், 'அண்ணா, வில்லு வேணும்'னு கேட்கணும். 'எது வேணும்? பேர் சொல்லு'ம்பார். அந்த எழுத்தைப் படிக்கணும். 'உபயோகமில்லாதது வேணும்ணா.' அப்பதான் குடுப்பார். என் மாணவங்க நிக்கும்போதுகூட." மூச்சு வாங்கியது. "கார்ல தினமும் அவர்தாங்க போவார். அண்ணிக்கு அந்தக் காரே பிடிக்காது. அண்ணி எப்படி ஏறினாங்க? எனக்காக அவரோட சண்டை போடறவங்க அவங்க ஒருத்தர்தான். நான் அண்ணியை..."

"கார் கிளம்பறதுக்கு முன்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு?" என்றாள் அக்கா, அவர் முடிக்கும்முன்.

"என்ன?"

"நீங்க மேல வந்தப்புறம். எஞ்சின் சத்தம்."

"ஒரு தடவை ஸ்டார்ட் ஆச்சு. கொஞ்ச நேரம் நின்ன இடத்துலயே ஓடிச்சு. ஆஃப் பண்ணினாங்க. அப்புறம் அண்ணி குரல் கேட்டுச்சு. மறுபடி ஸ்டார்ட் ஆகி, போச்சு."

அக்கா அவர் கையை ஒரு துண்டில் சுற்றி மார்போடு உயர்த்திக் கட்டினாள். "வாங்க. கீழ போகலாம்."

---

தம்பியைப் பார்த்ததும் கடைக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "நீயாடா? கூடப்பிறந்தவனாடா நீ?"

"நல்லா இருக்கு," என்றான் ரேடியோ. "ஆனா விரல் இடுக்கு வழியா எங்களைப் பார்க்காம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

தம்பியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அக்கா பெஞ்சின் மேல் கைக்குட்டையை விரித்தாள்.

"உங்க தம்பி ஒத்துக்கிட்டார். நட்டைத் தளர்த்தினது அவர்தான். அது முடிஞ்சுது. எனக்கு வேற மூணு சின்ன சந்தேகம் இருக்கு. முதல்ல இந்த பிளாஸ்டர். இந்த வீட்டுல பிளாஸ்டர் இருக்கிற ஒரே இடம் காரோட பெட்டின்னு நீங்க சொன்னீங்க. கார் எரிஞ்சு போச்சு. அப்ப இது கார் கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்தது."

"அவன்தான் எடுத்திருப்பான்."

"இருக்கலாம். நுனியைப் பாருங்க." பிளாஸ்டரின் ஒரு முனை, அடுத்த முறை பிரிக்க வசதியாக, உள்பக்கம் ஒட்டி மடிக்கப்பட்டிருந்தது. "ஒத்தைக் கையால கட்டு போட்டுக்கிறவன் நுனியை மடிச்சுக்கிட்டு இருக்க மாட்டான். அந்த டேப் உருளையை எல்லாம் மடிச்சு வச்ச கை இது."

வாத்தியார் தலையை நிமிர்த்தினார். "ஆமா. அண்ணன்தான் கட்டினார். வில்லு கேட்கப் போனப்ப. ஷெட்டுக்கு வந்ததைச் சொன்னா மாட்டிப்பேன்னு மறைச்சேன். அவர் ஏன் மறைச்சார்னு தெரியல."

"அண்ணனும் தம்பியும் ஒத்துமையா சொன்ன ஒரே பொய் அதுதான்," என்றாள் அக்கா. "ஆனா காரணம் வேற வேற. அவர் கட்டு போடும்போது என்ன சொன்னார்?"

"எறும்பு கடிச்சிருக்கும், ஒண்ணும் ஆகாது, மேல போய்ப் படு, யாரையும் பார்க்காதேன்னு சொன்னார்." பெஞ்சில் கிடந்த பிளாஸ்டரைப் பார்த்தார். "ரெண்டு வருஷத்துல முதல் தடவையா அன்பா பேசினார். அந்த எழுத்தைப் படிக்கச் சொல்லாம வில்லைக் குடுத்தார். உடனே கீழ ஓடி நட்டை இறுக்கிடலாமான்னு யோசிச்சேன். யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். "சரி, கட்டினேன். ஒரு புள்ளியைப் பார்த்துட்டு டீசல்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் டாக்டரா?"

"ரேடியோ, அவர் தலைக்கு மேல இருக்கிறதைப் படி."

பெஞ்சுக்கு மேலே பெரிய சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. கடையில் விற்கும் ஒவ்வொரு கருவிப் பெட்டியோடும் அதன் சின்னப் பிரதி ஒன்று போகும். ரேடியோ சத்தமாகப் படித்தான்: "'கசிவைக் கையால் தேடாதே. அட்டையைப் பிடி. விரலில் ஊசிப் புள்ளி தெரிந்தால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு.'"

"எழுதினது யாரு?"

கடைக்காரர் சட்டைக் காலரை நேராக்கினார்.

"ரேடியோ, திரும்பி நில்லு."

"என்ன அக்கா?"

"பின்பக்கத்தைக் காட்டு."

சாவு வீட்டில் சிரிப்பு வரும் நேரமா என்று ரேடியோவுக்கே கூச்சமாக இருந்தது. திரும்பி நின்றான். அக்கா மூலைக்குப் போய் அடுக்கின் மேல் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் நடுவில் நேராக ஒரு கோடு, பிளேடால் வரைந்ததுபோல. கோட்டைச் சுற்றி விசிறிபோல டீசல் ஈரம் பரவியிருந்தது.

"தரையைத் துடைச்ச அட்டையில தேய்ச்ச கறை இருக்கும். இது பீய்ச்சின கறை. ஒரு மனுஷன் உட்கார்ந்தா பேன்ட் நனையற அளவுக்குப் புதுசு. நேத்து சாயங்காலம் ஒரு துளி கசிவு இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப இது இன்னைக்குக் காலையில பிடிச்சது." அட்டையைப் பெஞ்சில் வைத்தாள். "உங்க தம்பிக்கு அட்டை பிடிக்கத் தெரிஞ்சிருந்தா அந்த விரல் இப்படி ஆகியிருக்காது. பிடிச்சது யாரு சார்?"

கீழே தூரத்தில் கிரேன் உறுமும் சத்தம் கேட்டது.

"விரலைப் பார்த்ததும் உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. தம்பியை மேல அனுப்பிட்டு எஞ்சினைப் போட்டு அட்டையைப் பிடிச்சீங்க. கசிவு எங்கன்னு பார்த்தீங்க. அந்த ஸ்பானரை எடுத்து ஒரு திருகு திருகினா முடிஞ்சிருக்கும். அதுக்குப் பதிலா அட்டையை இடம் மாறாம அடுக்கி வச்சுட்டு, சூட்கேஸோட வந்த மனைவி கையில சாவியைக் குடுத்தீங்க."

"அவ என்னை விட்டுட்டுப் போறேன்னா," என்றார் கடைக்காரர். குரலில் கோபம்கூட இல்லை. வாரண்டி முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் குரல். "டாக்ஸி கூப்பிடறேன்னா. எதுக்கு டாக்ஸி, காரை எடுத்துட்டுப் போன்னேன். நான் எதையும் கழட்டல. எதையும் தளர்த்தல. சாவிதான் குடுத்தேன். கழட்டினவன் அவன். வேணும்னா பேப்பர்ல அப்படியே எழுதிக்கோங்க."

"என்ன எழுதறதுன்னு இன்ஸ்பெக்டர் பார்த்துப்பார்," என்றாள் அக்கா. வாசலில் இன்ஸ்பெக்டரும், அவருக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இருவரும் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தால் வேண்டிய அளவு கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

"டீசல். அழுத்தத்துல உள்ள போயிருக்கு. விடியக்காலையில," என்று அக்கா ஸ்ட்ரெச்சர்க்காரரிடம் சொன்னாள். அவர் துண்டை விலக்கிப் பார்த்தார். உடனே திரும்ப மூடினார். அந்த மூடலிலேயே வாத்தியாருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"விரலா, கையா?" என்று கேட்டார்.

"பொளந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும். முதல்ல படுங்க."

அவரைப் படுக்கவைத்தார்கள். பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது கடைக்காரர், இன்ஸ்பெக்டர் மாட்டிய விலங்கோடு, ஸ்ட்ரெச்சர் பக்கமாகக் குனிந்தார்.

"மறந்தே போச்சுடா. உன் அண்ணி உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. வீடு பார்த்துட்டாளாம். உனக்கும் ஒரு ரூம் இருக்காம். சாயங்காலம் வந்து உன்னையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா. அங்க வில்லை ஆணியில மாட்ட மாட்டாங்களாம்."

இன்ஸ்பெக்டர் அவரைப் பிடித்து இழுத்தார். வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளப் பார்த்தார். வலது கை காதுக்குப் போனது. இடது கை துண்டுக் கட்டோடு பாதி வழியில் நின்றது.

ரேடியோ மாடிக்கு ஓடினான். ஜாக்கிப் பெட்டிகளைத் தாண்டி, வயலின் பக்கத்தில் கிடந்த வில்லை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ஸ்ட்ரெச்சர் கேட்டைத் தாண்டிவிட்டது. சரிவில் பாதி தூரம் துரத்திப் பிடித்து, போர்வைக்கு மேல் வில்லை வைத்தான்.

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். "இப்ப இது எதுக்குங்க இவருக்கு?"

ரேடியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.